பழைய அனிமேஷன் வீடியோ கேசட்டுகள்: விற்பதா, வரிசை சேர்ப்பதா, பிரிக்காமல் பூட்டுவதா?

பரணிலிருந்து இறக்கிய அட்டைப்பெட்டியில் முப்பதோ நாற்பதோ பழைய அனிமேஷன் வீடியோ கேசட்டுகளைக் கண்டவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "இவை என்ன விலைக்குப் போகும்?" என்பதைத்தான். பல ஆண்டுகளாக இத்தகைய கேசட்டுகளைத் தேடி வாங்கியும், மிகுந்தவற்றை விற்றும், பழுதானவற்றைச் சரிசெய்தும் வருகிற எனக்கு, அதற்கு முன்பே இன்னொரு கேள்விக்கு விடை காண வேண்டும் என்று தோன்றுகிறது. அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறோம்? தனித்தனியாகவோ மொத்தமாகவோ விற்றுவிடலாம். ஒரு நிறுவனத்தின் வெளியீட்டு வரிசையை விடுபடாமல் சேர்க்கத் தொடங்கலாம். பிரிக்கப்படாத கேசட்டுகளை வாங்கித் தரச்சான்று பெற்று முதலீடாகப் பூட்டி வைக்கலாம். வேறு எந்த வடிவத்திலும் எளிதில் கிடைக்காத பதிப்புகளைத் தாங்கிய கேசட்டுகளை மட்டும் தேர்ந்து சேர்க்கலாம். இந்த நான்கில் எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரே கேசட் குப்பையாகவும் ஆகலாம், பொக்கிஷமாகவும் ஆகலாம். ஆகவே நான்கையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. என் சாய்வு நான்காவது வழியின் பக்கம் என்பதையும், அதற்கான காரணங்களைக் கீழே சொல்லியிருக்கிறேன் என்பதையும் தொடக்கத்திலேயே கூறிவிடுகிறேன்.

கறுப்பு வைரத்தின் கதை

விலை பற்றிய குழப்பம் பெரும்பாலும் ஒரு சின்னத்தில் தொடங்குகிறது. டிஸ்னி நிறுவனம் 1984 டிசம்பரில் 'ராபின் ஹூட்' படத்தோடு அமெரிக்காவில் தொடங்கி, 1994-இல் 'தி ஃபாக்ஸ் அண்ட் தி ஹவுண்ட்' படத்தோடு முடித்த 'கிளாசிக்ஸ்' வரிசையின் கேசட்டுகளில், உறையின் முதுகுப்பக்கத்தில் கறுப்பு நிறத்தில் வைர வடிவம் ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். சேகரிப்போர் இவற்றை 'பிளாக் டைமண்ட்' என்று அழைக்கிறார்கள். 1994 இறுதியில் 'ஸ்னோ வைட்' வெளியானபோது 'மாஸ்டர்பீஸ் கலெக்‌ஷன்' என்ற அடுத்த வரிசை தொடங்கிவிட்டதால், வைரச் சின்னம் கொண்ட கேசட்டுகள் சரியாகப் பத்தாண்டுக் காலத்துக்குள் அடங்கிவிடுகின்றன. எல்லை தெளிவாக இருக்கும் ஒரு வரிசை சேகரிப்போரின் மனத்தை எளிதில் ஈர்க்கும். அந்த ஈர்ப்பில் தவறு ஏதும் இல்லை.

தவறு நேர்ந்தது அதற்குப் பிறகுதான். 2010-களின் நடுவில், இந்தச் சின்னம் கொண்ட 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' போன்ற கேசட்டுகள் ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்பனைக்கு வைக்கப்பட்டிருப்பதாகச் செய்திகள் பரவின. வைக்கப்பட்டிருந்தது உண்மை. அந்த விலைக்கு அவை வாங்கப்பட்டனவா என்று பார்த்தவர்கள் மிகச் சிலரே. 1992 அக்டோபரில் வெளியான அந்தக் கேசட் ஏறத்தாழ 2 கோடிப் பிரதிகள் விற்றது. அடுத்த ஆண்டு வந்த 'அலாதீன்' முதல் வாரத்திலேயே ஒரு கோடியைத் தாண்டியது. 1995-இல் வந்த 'தி லயன் கிங்' 3 கோடிக்கும் மேல் விற்று, உலகில் மிக அதிகமாக விற்ற வீடியோ கேசட் என்று பெயர் பெற்றது. கோடிக்கணக்கில் அச்சாகி, குழந்தைகள் உள்ள வீடு தோறும் புகுந்து, பெரும்பகுதி இன்னும் அலமாரிகளில் கிடக்கிற ஒரு பொருளுக்கு அரிதான பொருளின் விலை எப்படிக் கிடைக்கும்? விற்று முடிந்த பட்டியலைப் பார்த்தால், பிரித்துப் பயன்படுத்திய பெரும்பாலான வைரச் சின்னக் கேசட்டுகள் சில டாலர்களுக்கே கைமாறியிருப்பது தெரியும்.

'லிட்டில் மெர்மெய்ட்' படத்தின் 1990 கேசட் உறையையும் இங்கே சொல்ல வேண்டும். அதில் வரையப்பட்ட கோட்டைக் கோபுரங்களுள் ஒன்றின் வடிவம் ஆபாசமாக இருப்பதாகப் பேச்சு எழுந்தது. பிந்தைய வெளியீடுகளில் ஓவியம் மாற்றப்பட்டது. வேலையை இழக்கப்போகும் ஓவியர் பழிவாங்கினார் என்ற கதைக்கு ஆதாரம் இல்லை. இருந்தும் "தடைசெய்யப்பட்ட உறை" என்ற தலைப்பில் இக்கேசட்டைப் பெருந்தொகைக்கு விற்க முயல்வோர் இன்றும் இருக்கிறார்கள். அது தடைசெய்யப்படவும் இல்லை, அரிதாகவும் இல்லை. முதல் வெளியீட்டுக் காலம் முழுவதும் கடைகளில் தாராளமாக விற்ற உறை அது.

இதற்கு நேர்மாறான உதாரணம் 'தி ரெஸ்க்யூவர்ஸ்'. 1999 ஜனவரியில் அதன் கேசட் வெளிவந்த சில நாட்களிலேயே, பின்னணியில் ஓரிடத்தில் நிர்வாணப் பெண்ணின் நிழற்படம் இரண்டு ஃபிரேம்களில் இருப்பதை ஒப்புக்கொண்ட நிறுவனம், ஏறத்தாழ 34 லட்சம் பிரதிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. இது வதந்தி அன்று, நிறுவனமே சொன்ன செய்தி. ஆனால் திரும்பப் பெறுவதாக அறிவித்த எல்லாமும் திரும்பி வந்துவிடுவதில்லை. ஆகவே இந்தக் கேசட்டுக்குச் சொல்வதற்கு ஒரு வரலாறு உண்டே தவிர, அதற்கு ஈடான விலை தானாக வந்துவிடாது. அரிதான கதை வேறு, அரிதான பொருள் வேறு என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கேட்ட விலையும் போன விலையும்

மதிப்பிடும் முறை எளியது. பொறுமைதான் வேண்டும். ஈபே போன்ற தளத்தில் தேடும்போது, விற்பனையில் உள்ளவற்றை விட்டுவிட்டு, விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கையில் இருப்பதற்கு ஒத்த பதிப்புதானா என்று உறையின் எண்ணை வைத்துச் சரிபார்க்க வேண்டும். பிறகு நிலை ஒத்த பத்துப் பன்னிரண்டு விற்பனைகளை எடுத்து, மேலே துருத்திக்கொண்டிருக்கும் ஒன்றிரண்டையும் கீழே கிடக்கும் ஒன்றிரண்டையும் தள்ளிவிட்டு, நடுவில் இருக்கும் தொகையைக் குறித்துக்கொள்ள வேண்டும். மேலே துருத்துவதைத் தள்ளுவதற்குக் காரணம் உண்டு. ஏலத்தில் வென்றவர் பணம் கட்டாமல் போன விற்பனையும் பட்டியலில் விற்றதாகவே நின்றுவிடலாம். அந்த நடுத்தொகையிலிருந்து தளக் கட்டணம், அஞ்சல் செலவு, பொதி சுற்றும் பொருள் ஆகியவற்றைக் கழித்தால் மிஞ்சுவதே உங்கள் கேசட்டின் உண்மையான விலை. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பலர் வருத்தப்படுவதை நான் கண்டிருக்கிறேன். ஆனாலும் பொய்யான எதிர்பார்ப்போடு ஆண்டுக்கணக்கில் பெட்டியைப் பூட்டி வைத்திருப்பதைவிட அந்த ஒரு நாள் வருத்தம் நல்லது.

தனித்தனியாக விற்பதா, மொத்தமாக விற்பதா என்பதற்கும் இக்கணக்கே விடை சொல்கிறது. ஒரு கேசட்டை ஒழுங்காக விற்க வேண்டுமானால், அதை முழுவதும் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும், ஆறேழு கோணங்களில் படம் எடுக்க வேண்டும், குறைகளை எழுத வேண்டும், உடையாதபடி கட்டி அனுப்ப வேண்டும். படம் ஓடும் நேரத்தை விட்டுவிட்டாலும் எனக்கு ஒவ்வொன்றுக்கும் முக்கால் மணி நேரம் ஆகிறது. நாலைந்து டாலர் பெறும் கேசட்டுக்கு இது கட்டாது. எனவே பெட்டியில் இருப்பதில் பத்தில் ஒன்பதை மொத்தமாக, ஒரே கட்டாக விற்பதே அறிவுடைமை. விற்று முடிந்த பட்டியலில் தெளிவாக உயர்ந்து நிற்கிற ஒன்றிரண்டை மட்டும் தனியே எடுத்து வைத்து, அவற்றுக்கு நேரம் செலவிடலாம். மொத்தமாக வாங்குபவர் பெரும்பாலும் குழந்தைகளுக்காகவோ, அலங்காரத்துக்காகவோ, தம் வரிசையின் இடைவெளியை நிரப்பவோ வாங்குகிறார். எல்லோருக்கும் நியாயமான வியாபாரம் அது.

வரிசையை முழுமையாக்குதல்

இரண்டாவது வழியான வரிசைச் சேகரிப்பு, செலவு குறைந்தது. மனநிறைவும் விரைவில் தருவது. வைரச் சின்னக் கேசட்டுகள் மலிவாகக் கிடைப்பதாலேயே, ஓரிரு ஆண்டுகளில் பெரும்பகுதியைச் சேர்த்துவிட முடியும். வெள்ளை நிறக் கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டிகள் ஒரே உயரத்தில் வரிசையாக நிற்கும் அழகு, இவற்றோடு வளர்ந்தவர்களுக்கு நன்கு தெரியும். முயற்சி வேண்டியது இவ்வரிசையின் தொடக்கக் காலப் பிரதிகளுக்குத்தான். 'ராபின் ஹூட்', 'பினோக்கியோ' ஆகியவை முதலில் 79.95 டாலர் என்ற விலையில் வந்தன. அந்த விலையில் வாங்கியவை பெரும்பாலும் வாடகைக் கடைகளே. வாடகைக்குப் போன கேசட் நூறு வீடுகளில் ஓடித் தேய்ந்து, உறையில் கடையின் ஒட்டுத்தாள் ஒட்டப்பட்டு, கடைசியில் கழிக்கப்பட்டது. பின்னர் நிறுவனம் விலையை 29.95 டாலர் அளவுக்கு இறக்கிய பிறகே மக்கள் வீட்டில் வைத்துக்கொள்ளவென்று கேசட் வாங்கும் வழக்கம் பெருகியது. ஆகவே முதல் விலையில் வந்த, வாடகைக்குப் போகாத, உறை கெடாத தொடக்கப் பிரதி ஒன்று கிடைத்தால் அதற்குக் கூடுதலாகக் கொடுக்கலாம். இதே வரிசையின் 1990-களின் கேசட்டுக்கு எந்த நிலையிலும் கூடுதலாகக் கொடுக்க நியாயம் இல்லை.

ஆனால் இந்த வழியைத் தேர்வோர் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. வரிசை முழுமையாகிறதே தவிர, படம் முழுமையாவதில்லை. 'லேடி அண்ட் தி டிராம்ப்' 1955-இல் சினிமாஸ்கோப் அகலத்திரைக்காக வரையப்பட்ட படம். 1987 கேசட்டில் அது பழைய தொலைக்காட்சியின் சதுரத்துக்கு வெட்டப்பட்டதால், ஓவியர்கள் வரைந்த பரப்பில் ஏறத்தாழ பாதி காணாமல் போயிற்று. அகலத்திரைக்காகவே பின்னணிகளை நுணுக்கமாக அமைத்த 'ஸ்லீப்பிங் பியூட்டி'யும் 1986 கேசட்டில் இதே கதிக்கு ஆளானது. பேசும் இரு பாத்திரங்களுள் ஒன்று திரைக்கு வெளியே நிற்க, குரல் மட்டும் கேட்கும். இக்கேசட்டுகளின் வடிவமான வி.எச்.எஸ். டேப்பின் கிடைநிலைத் தெளிவும் 240 கோடுகள் அளவே. 'அலாதீன்' திரையரங்கில் வெளியானபோது தொடக்கப் பாடலில் காது அறுப்பதைச் சொல்லும் வரி ஒன்று இருந்தது. எதிர்ப்பு எழுந்ததால் 1993 கேசட்டிலேயே அதை மாற்றிவிட்டார்கள். பழைய கேசட் என்பதாலேயே அதில் பழைய படம் இருக்கும் என்று நம்பக்கூடாது என்பதற்கு இது நல்ல சான்று. வரிசை சேர்ப்பவர் அட்டையையும் காலத்தையும் நினைவையும் சேர்க்கிறார். அது மதிக்கத்தக்க ஆசைதான். படத்தைப் பாதுகாக்கிறோம் என்று மட்டும் அவர் தமக்குச் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

பிரிக்காத கேசட், தரச்சான்று, ஏலம்

மூன்றாவது வழியில்தான் பெரிய தொகைகள் பேசப்படுகின்றன. 2021-இல் பிரிக்கப்படாத வீடியோ கேம் ஒன்று 15 லட்சம் டாலருக்கும் மேல் ஏலம் போன பிறகு, அதே மனநிலை வீடியோ கேசட்டுகளின் பக்கமும் திரும்பியது. 2022 ஜூனில் ஹெரிடேஜ் ஆக்‌ஷன்ஸ் நிறுவனம் கேசட்டுகளுக்கென்று நடத்திய ஏலத்தில், 'பேக் டு தி ஃபியூச்சர்' படத்தின் பிரிக்காத கேசட் 75,000 டாலருக்குப் போயிற்று. இந்த ஒரு தொகையே இன்றுவரை பலரது கணக்குகளுக்கு அடிப்படையாக இருக்கிறது. ஆனால் அது நடிகர்கள் நடித்த படம். மேலும் அந்தக் கேசட் அப்படத்தில் நடித்த டாம் வில்சன் தம்மிடம் வைத்திருந்த பிரதி. யாரிடமிருந்து வந்தது என்பதே அதன் விலையின் பெரும்பகுதி. அப்படிப்பட்ட பின்புலம் இல்லாத, கோடிக்கணக்கில் அச்சான அனிமேஷன் கேசட்டுக்கு அதே அளவுகோலை வைப்பது பொருந்தாது.

தரச்சான்று என்பது, கேசட்டை ஒரு நிறுவனத்துக்கு அனுப்பி, பெட்டியின் நிலையையும் பிளாஸ்டிக் மேலுறையின் நிலையையும் மதிப்பிடச் செய்து, எண் இட்ட ஒளிபுகும் கடினப் பெட்டியில் அடைத்துத் திரும்பப் பெறுவது. காமிக்ஸ் இதழ்களுக்குத் தரச்சான்று தருகிற சி.ஜி.சி. போன்றவை கேசட்டுகளையும் ஏற்கின்றன. இதில் என்னை உறுத்துவது ஒன்று உண்டு. மதிப்பெண் முழுவதும் வெளிப்புறத்துக்கே. உள்ளே டேப் ஓடுமா, பூஞ்சை பிடித்திருக்கிறதா என்பதை எவரும் பார்ப்பதில்லை, பார்க்கவும் முடியாது. பிரிக்காத உறை காலப்போக்கில் சுருங்கி அட்டைப்பெட்டியின் விளிம்பை வளைத்துவிடுவதும் உண்டு. இதைத் தாண்டி ஏமாற்று வேலையும் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் நான் பிரிக்காதது என்று நம்பி வாங்கிய கேசட் ஒன்றை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது, பின்புற ஒட்டுத்தையல் அக்காலத்துத் தொழிற்சாலை ஒட்டு இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் மூலையில் சூட்டால் உருகிச் சுருண்டிருந்தது. உறைக்குள் அட்டையின் விளிம்பு தேய்ந்து வெளுத்திருந்தது. புதிதாகப் பிளாஸ்டிக் சுற்றிய பழைய பிரதி அது. விற்றவர் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். அதன்பின், ஒட்டுத்தையலின் இடம், உறையில் நிறுவனத்தின் பெயர் அச்சிடப்பட்டிருக்கிறதா என்பது, அக்காலக் கடையின் விலைச்சீட்டு உறைக்கு மேல் இருக்கிறதா உள்ளே இருக்கிறதா என்பது ஆகிய மூன்றையும் பார்க்காமல் நான் பிரிக்காத கேசட் எதையும் வாங்குவதில்லை.

இந்த வழியை முற்றிலும் ஒதுக்கச் சொல்லவில்லை. உங்கள் பெட்டியிலேயே பிரிக்காத பிரதி ஒன்று இருந்து, அது 1980-களின் வெளியீடாகவும் இருந்தால், அதைப் பிரிக்காமல் விற்கலாம். சான்றுக்கான கட்டணம், இரு வழி அஞ்சல், காப்பீடு மூன்றும் சேர்ந்த தொகையைவிட விலை உயர்வு அதிகம் என்று விற்று முடிந்த பட்டியல் காட்டினால் மட்டும் சான்றுக்கு அனுப்பலாம். ஆனால் முதலீடாக நினைத்துப் புதிதாக வாங்கிக் குவிப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். இச்சந்தை இளமையானது, வாங்குவோர் கூட்டம் சிறியது. பத்துப் பேர் மனம் மாறினால் விலை சரிந்துவிடும்.

வேறெங்கும் கிடைக்காதவை

நான்காவது வழிக்கு வருகிறேன். ஒரு படத்தின் ஒரு குறிப்பிட்ட வடிவம் கேசட்டில் மட்டும் தங்கிப்போனது என்றால், அந்தக் கேசட் ஓர் ஆவணம். ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் மியாசாகியின் 'நௌஸிகா' 1984-இல் ஜப்பானில் வெளியானது. அதை அமெரிக்காவில் ஏறத்தாழ 22 நிமிடங்கள் வெட்டி, பெயர்களை மாற்றி, 'வாரியர்ஸ் ஆஃப் தி விண்ட்' என்ற தலைப்பில் வெளியிட்டார்கள். அது கேசட்டாகவும் வந்தது. மூலப்படத்தைச் சிதைத்த வடிவம் என்பதில் ஐயமில்லை. ஆனால் மியாசாகியின் ஜிப்லி நிறுவனம் தன் படங்களில் கை வைக்கக்கூடாது என்று பின்னாளில் உறுதியாக நின்றதற்கு இந்த அனுபவமே காரணமாயிற்று. அந்த வரலாற்றைக் கண்ணால் காண விரும்பினால் அக்கேசட்டைத்தான் தேட வேண்டும். மூலப்படம் இன்று முழுமையாக எங்கும் கிடைக்கிறது. வெட்டப்பட்ட வடிவத்தை இனி யாரும் மறுவெளியீடு செய்யப்போவதில்லை.

மியாசாகியின் இன்னொரு படமான 'டோட்டோரோ'வுக்கு ஆங்கிலத்தில் இரு முறை குரல் கொடுக்கப்பட்டது. 1993-இல் ஃபாக்ஸ் வெளியிட்ட கேசட்டில் இருப்பது முதல் குரல்வடிவம். டிஸ்னி பின்னர் புதிய நடிகர்களை வைத்து மீண்டும் குரல் பதிவு செய்தது. இன்று கடைகளில் கிடைப்பது அந்த இரண்டாவது வடிவமே. முதல் குரலோடு வளர்ந்தவர்கள் அதைக் கேட்கப் பழைய கேசட்டையோ, அதே உரிமையில் வந்த தொடக்கக் கால டி.வி.டி.யையோ நாட வேண்டியிருக்கிறது. டிஸ்னி 1946-இல் எடுத்த 'சாங் ஆஃப் தி சவுத்' என்ற, நடிகர்களும் அனிமேஷனும் கலந்த படம், அதன் இனச் சித்திரிப்பின் காரணமாக அமெரிக்காவில் வீட்டு வீடியோவாக வரவே இல்லை. பிரிட்டனில் கேசட்டாகவும் ஜப்பானில் லேசர் டிஸ்க்காகவும் வந்தது. படத்தின் பார்வையை ஏற்காதவர்களுக்கும், ஆராய்ச்சிக்கென்று அது தேவைப்படுகிறது. ஆனால் பிரிட்டிஷ் கேசட் 'பால்' (PAL) என்ற அந்நாட்டுத் தொலைக்காட்சி முறையில் பதிவானது, 625 கோடுகள். 525 கோடுகள் கொண்ட என்.டி.எஸ்.சி. என்ற அமெரிக்க முறையில் இயங்கும் வீடியோ டெக்கில் அது ஓடாது. வாங்கும் முன் டெக் எந்த முறையில் இயங்கும் என்று பார்ப்பது இந்த வழியில் மிக அவசியம்.

கேசட்டின் அந்திமக் காலத்து வெளியீடுகளும் இவ்வகையில் சேரும். 2005, 2006-இல் கடைகள் டி.வி.டி.க்கு மாறிவிட்டன. அப்போதும் சில படங்கள் சிறிய அளவில் கேசட்டாக அச்சாயின. 'கார்ஸ்' படத்தின் கேசட் கடைக்கு வராமல் டிஸ்னியின் சந்தா உறுப்பினர்களுக்கு மட்டும் அனுப்பப்பட்டது. படம் எங்கும் கிடைக்கிறது என்பதால் இதை ஆவணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அரிது என்ற சொல்லுக்கு இது உண்மையிலேயே தகுதியானது. பெட்டியில் 1992-இன் வைரச் சின்னத்தைக் கண்டு மகிழ்ந்து, பக்கத்திலேயே கிடக்கும் 2006-இன் கேசட்டை மொத்தக் கட்டில் தள்ளிவிட்டவர்களை எண்ணி எனக்கு மனம் வலித்திருக்கிறது.

இந்த வழிக்கும் ஆபத்து உண்டு. இன்று கேசட்டில் மட்டும் இருப்பது நாளை ப்ளூ-ரேயில் வந்துவிடலாம். 'அகிரா' என்ற ஜப்பானிய அனிமேஷன் படத்தின் முதல் ஆங்கிலக் குரல்வடிவம் பல ஆண்டுகள் பழைய வெளியீடுகளில் மட்டுமே கிடைத்தது. பின்னர் ப்ளூ-ரேயிலும் சேர்க்கப்பட்டது. அன்று அதற்காகப் பெருந்தொகை கொடுத்தவருக்குப் பண நட்டம்தான். ஆனால் படத்தை நேசிப்பவர் அச்செய்தியைக் கேட்டு மகிழ்வார். இந்த வேறுபாட்டைத் தாங்க முடிந்தவருக்கே நான்காவது வழி ஏற்றது.

உள்ளே பார்த்தல்

எந்த வழியைத் தேர்ந்தாலும், பிரித்த கேசட்டை வாங்கும்போதும் விற்கும்போதும் உள்ளே பார்க்க வேண்டும். முதலில் பெட்டியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். ஈர நெடி அடித்தால் பூஞ்சை இருக்க வாய்ப்புண்டு. கேசட்டைக் கையில் எடுத்து, மேற்புறக் கண்ணாடிச் சாளரத்தின் வழியே டேப் சுற்றப்பட்ட தட்டின் பக்கவாட்டை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல டேப் கன்னங்கரேல் என்று, இசைத்தட்டின் முகம் போல ஒரே சீராக மின்னும். அதில் மாவு தூவினாற்போல வெண்புள்ளிகளோ, வெண்ணிற வளையமோ தெரிந்தால் அது பூஞ்சை. அப்படிப்பட்ட ஒன்றை டெக்கில் போட்டால் டேப்பைப் படிக்கும் ஹெட்டும் கெடும், அடுத்துப் போடுகிற நல்ல கேசட்டுகளுக்கும் பூஞ்சை பரவும். அடுத்து, முன்புற மூடியின் பக்கத்தில் உள்ள சிறு பொத்தானை நகத்தால் அழுத்தி மூடியைத் தூக்குங்கள். அரை அங்குல அகல டேப் நேராக, விறைப்பாகத் தெரிய வேண்டும். கீழ் விளிம்பு நெளிந்திருந்தால் படம் அடிக்கடி இழுக்கும். மேல் விளிம்பு நெளிந்திருந்தால் ஒலி தேயும், ஏனெனில் சாதாரண ஒலித்தடம் மேல் விளிம்பிலும் படத்தைச் சீராக்கும் கட்டுப்பாட்டுத் தடம் கீழ் விளிம்பிலும் இருக்கின்றன. டேப்பை விரலால் தொடக் கூடாது.

பாதுகாப்பதற்குச் சொல்ல அதிகம் இல்லை. முழுவதும் பின்சுற்றி, புத்தகம் போல நிமிர்த்தி, வெயிலும் ஈரமும் படாத குளிர்ந்த அறையில், ஒலிபெருக்கியின் காந்தத்துக்கு அப்பால் வைக்க வேண்டும். ஈரம்தான் முதல் எதிரி. காந்தத் துகள்களைப் பாலியஸ்டர் பட்டையில் ஒட்டிவைத்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிச் சிதையத் தொடங்கினால், டேப் ஒட்டும், உதிரும்.

டிஜிட்டலாக மாற்றுவது தனி வழி அன்று, நான்காவது வழியின் தவிர்க்க முடியாத பகுதி. கடைசித் தயாரிப்பாளராக இருந்த ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் வீடியோ டெக் தயாரிப்பை நிறுத்திய பிறகு, உலகில் இருக்கும் டெக்குகள் அனைத்தும் பழையவையே. ரப்பர் பட்டை தளர்கிறது, உதிரி பாகம் கிடைப்பதில்லை. வெளியீட்டுக் கேசட்டுகளில் பெரும்பாலும் மேக்ரோவிஷன் என்ற நகல் தடுப்பு இருக்கும். அது பதிவு செய்யும் கருவியின் ஒளியளவைத் தானே சரிசெய்யும் அமைப்பைக் குழப்பி, படத்தை இருட்டியும் வெளுத்தும் மாற்றி மாற்றிக் காட்டும். சொந்தப் பயனுக்கு நகலெடுக்கும் உரிமை நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், அவரவர் நாட்டுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நகலை விற்பது எங்கும் கூடாது. கடையில் புதிய வட்டாகக் கிடைக்கும் படத்தைக் கேசட்டிலிருந்து மாற்றுவதில் நேரத்தை வீணாக்கவும் வேண்டாம். கேசட்டில் மட்டும் இருப்பதை, படத்துக்கு முன் வரும் அக்கால முன்னோட்டங்கள் உட்பட, ஒருமுறை நல்ல டெக்கில் ஓட்டி முழுமையாகப் பதிந்துகொள்ளலாம். அந்த முன்னோட்டங்களை வைத்தே ஒரு கேசட் முதல் அச்சா, மறு அச்சா என்று பல நேரங்களில் கண்டுபிடித்துவிட முடிகிறது.

ஆகவே நாற்பது கேசட்டுகள் கொண்ட பெட்டி ஒன்று என்னிடம் வந்தால் நான் செய்வது இதுதான். பூஞ்சை பிடித்தவற்றை முதலில் தனிப் பையில் கட்டி ஒதுக்குவேன். கேசட்டில் மட்டுமே இருக்கிற பதிப்பு ஏதேனும் தென்பட்டால், உறை கிழிந்திருந்தாலும் அதை எனக்கென்று எடுத்துக்கொள்வேன். பிரிக்காதது, தொடக்க ஆண்டு வெளியீடு, அந்திமக் கால வெளியீடு என்று விற்பனைப் பட்டியலில் உயர்ந்து நிற்கும் இரண்டு மூன்றைத் தனியே விற்பேன். குழந்தைகள் திரும்பத் திரும்பப் பார்த்து உறை நைந்துபோன ஒன்றை, அது எந்த விலையும் பெறாது என்று தெரிந்தே, உரியவரிடம் திருப்பிக் கொடுத்து வைத்துக்கொள்ளச் சொல்வேன். மீதியை, முன்னட்டைகள் எல்லாம் தெரியும்படி ஒரே படம் எடுத்து, அந்த வாரமே மொத்தமாக விற்றுவிடுவேன்.